யூபிளாக் ஆரிஜின்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், விளம்பரத் தொல்லை தாங்க ஏலாது. புக்கிங் கம்ப்யூட்டரில யூபிளாக் ஆரிஜின் போடவா?"

அருமையான சாமான் அது: விளம்பரங்களைத் தடுக்க பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல், அதாவது எக்ஸ்டென்ஷன். உப்புவெளியில் என் பழைய லேப்டாப்பில், பயர்பாக்ஸில் பல வருடமாக ஓடுகிறது. செய்தித் தளங்கள் சட்டென்று திறக்கின்றன, டேட்டாவும் மிச்சம். எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றுதான். ஒரு எக்ஸ்டென்ஷன் வேறு ஆளிடம் கைமாறினால் பிரவுசர் நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. எல்லாத் தளங்களிலும் நம் தரவைப் படிக்கவும் மாற்றவும் முதல் நாளே அனுமதி கொடுத்துவிட்டோம். புது முதலாளியின் அப்டேட் தானாக வந்து இறங்கும். புதிய அனுமதி தேவைப்பட்டால்தான் நம்மைக் கேட்கும். வாங்குகிறவர் காசு கொடுப்பது நிரலுக்கு இல்லை, அந்த அனுமதிக்கு.

பாவிக்காத டேப்களை உறங்க வைக்கும் தி கிரேட் சஸ்பென்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷனின் கதை அப்படித்தான். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் முகம் தெரியாத யாருக்கோ விற்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று கூகுள் அதை நீக்கியது. அதே 2020இல் நானோ ஆட்பிளாக்கரும் விற்கப்பட்டு, அதே கதிக்கு ஆளானது.

விற்றவர்கள் மேல் கோபம் வருகிறது. ஆனால் வேலை முடிந்து இரவில் சும்மா எழுதிக் கொடுத்தவருக்குக் கிடைப்பதெல்லாம் முறைப்பாடுகள்தானே? வருடக்கணக்கில் அதைக் கேட்டுக் களைத்த நேரத்தில் ஒருவர் பணத்தோடு வந்து நிற்கிறார். படங்களைப் பெரிதாக்கிக் காட்டும் ஹோவர் ஸூம் பிளஸ் எக்ஸ்டென்ஷனை எழுதியவர், விலைக்குக் கேட்டுத் தனக்கு வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பகிரங்கமாகப் போட்டு வைத்திருக்கிறார். வாசித்தால் தலை சுற்றும். சரி, களைப்பு விளங்குகிறது. பாவனையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் விற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

ஹில்லும் களைத்தவர்தான். 2015இல் முதல் யூபிளாக்கை அவர் வேறொருவரிடம் ஒப்படைத்தார், காசுக்கு இல்லை. அங்கே நன்கொடை கேட்கத் தொடங்கியதும் தன் பிரதியைத் தனியாக வளர்த்தார், அதுதான் ஆரிஜின். கொடுத்த யூபிளாக்கை 2018இல் ஆட்பிளாக் என்ற இன்னொரு விளம்பரத் தடுப்பான் வாங்கியது. இவ்வளவு நேர்மையான மனிதரின் கையிலிருந்தே ஒன்று நழுவிப் போயிருக்கிறது.

அதனால் நண்பனுக்குச் சொன்னேன்: புக்கிங் கம்ப்யூட்டரில் வேண்டாம். விருந்தினர்களின் பாஸ்போர்ட் விபரமும் கார்ட் இலக்கமும் அதில்தான் போகின்றன. அந்த பிரவுசரில் எந்த எக்ஸ்டென்ஷனும் இருக்கக்கூடாது. ஆண்ட்ராய்டு போனில் பயர்பாக்ஸ் போட்டு, அதில் ஆரிஜினை வைத்துக்கொள். என் லேப்டாப்பிலும் அது இருக்கும். வங்கி வேலைக்கு வேறு பிரவுசர்.