மீன் பண்ணையின் கழிவு எங்கே போய்ச் சேர வேண்டும்? மட்டக்களப்பு, அம்பாறைக்கான வழிகள் ஓர் ஒப்பீடு

ஒரு தொன் திலாப்பியாவை வளர்த்தெடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் தீவனம் வேண்டும். அந்தத் தீவனத்தில் 30 சதவீதம் புரதம் என்று கொண்டால், அதனுள் சுமார் 72 கிலோ நைதரசன் இருக்கிறது. அறுவடையாகும் மீனின் உடலில் அதில் 26 கிலோ அளவே தங்குகிறது. எஞ்சிய 46 கிலோவும் அமோனியாவாகவும் எச்சமாகவும் உண்ணப்படாத தீவனமாகவும் நீரிலும் அடிச்சேற்றிலும் கலந்துவிடுகிறது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். ஆகவே ஒரு தொன் மீனை வளர்ப்பவர், 50 கிலோ யூரியா மூட்டைகள் இரண்டுக்குச் சமமான சத்தைக் கவனியாமல் வெளியே விடுகிறார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது ஒரு மூட்டை யூரியாவுக்காக நம் விவசாயிகள் அலைந்ததை நினைத்தால், இந்த இழப்பின் அளவு விளங்கும்.

சுழற்சி உயிர்ப் பொருளாதாரம் என்று பேசப்படுவதன் சாரம் இந்தக் கணக்கில் இருக்கிறது: ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருளாக வேண்டும். அதைச் செய்யப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் வெற்றி கண்டவைதான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் மணலிலும், மேற்கே படுவான்கரையின் வயல்வெளிகளான வட்டைகளிலும், மாரி வெள்ளத்தையும் மின்வெட்டையும் தாங்கி எது நிற்கும் என்பதே நமக்குரிய கேள்வி.

அதிகம் விளம்பரப்படுத்தப்படுவது பயோஃபுளொக் தொட்டி. தீவனத்தோடு கரும்புப் பாகு, தவிடு போன்ற காபன் மிகுந்த பொருளைச் சேர்த்து, நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 15 பங்கு என்ற அளவை ஒட்டி வைத்தால், நீரிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியாவை உண்டு பெருகித் திரள்களாகின்றன. அத்திரள்களையே மீன் மீண்டும் உண்கிறது. நீரை மாற்ற வேண்டிய தேவை மிகக் குறைவு, நிலமும் சிறிதே போதும். ஆயினும் அந்தப் பற்றீரியாக்களும் மீனோடு சேர்ந்து மூச்சு விடுவதால் காற்றூட்டி இரவும் பகலும் ஓடியாக வேண்டும். அது நின்றால் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கத் தொடங்கும். நெருக்கமாக வளர்க்கப்படும் தொட்டியில் ஒரு மணி நேரத்துக்குள் மொத்த மீனும் செத்துவிடலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய நாட்களில் மின்பிறப்பாக்கியும் அதற்கான டீசலும் இல்லாதவருக்கு இந்த முறை பெரும் சூதாட்டமே. குஞ்சு வளர்ப்புக்கும், மாற்று மின்சாரம் உறுதியாக உள்ள நிறுவனங்களுக்கும் இது பொருந்தலாம். கடன் வாங்கித் தொடங்கும் தனிக் குடும்பத்துக்கு இதை முதல் தெரிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீன் தொட்டி நீரில் மரக்கறி வளர்க்கும் அக்குவாபொனிக்ஸ் முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வீட்டு வளவிலும் பாடசாலையிலும் கற்பிக்க மிக நல்லது. ஆனால் முன்சொன்ன 46 கிலோ நைதரசனையும் உறிஞ்சுமளவுக்குக் கீரையும் தக்காளியும் நட்டு விற்பது வேறொரு முழுநேரத் தொழிலாகிவிடும்.

இதனோடு ஒப்பிட்டால் குளத்தையும் வயலையும் இணைக்கும் பழைய வழி எளிமையானது. உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் ஆகியவற்றின் பாசனத்துக்கு உட்பட்ட நிலத்தில், வாய்க்காலுக்கும் வயலுக்கும் இடையே மீன் குளம் வெட்டினால், அதன் நீரே சத்தோடு வரம்புக்குள் போகும். நீரை இறைக்க வேண்டியதில்லை, சரிவே போதும். அறுவடைக்குப் பின் வற்றிய குளத்தின் அடிச்சேற்றை அள்ளித் தோட்டத்தில் இடலாம். மீனை நேரடியாக வயலுக்குள்ளேயே விடுவது வேறு விடயம். வயலில் ஓரமாகச் சிறு வாய்க்கால் வெட்டி மீன் விடும் முறை ஆசியாவின் பல நாடுகளில் நிலைத்திருக்கிறது என்றாலும், பூச்சிகொல்லியும் களைகொல்லியும் தாராளமாகத் தெளிக்கப்படும் நம் வயல்களில், பக்கத்து வயலிலிருந்து வடியும் நஞ்சே மீனைக் கொன்றுவிடும். ஆகவே குளம் மேலே, வயல் கீழே என்ற அமைப்பையே நான் விரும்புகிறேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தது போன்ற வெள்ளம் ஏறாத உயரத்தில் குளத்தின் அணை இருக்க வேண்டும், இயலுமானவரை கார்த்திகைக்கு முன் மீன் பிடிக்கப்பட்டுவிட வேண்டும். தப்பிப் போகும் மீன் நட்டம் மட்டுமல்ல, ஆற்றிலும் வாவியிலும் பிற இனங்களோடு போட்டியிடும் வெளிநாட்டு இனமுமாகும்.

இதுவரை சொன்ன வழிகள் எல்லாம் பண்ணையிலிருந்து வெளியேறுவதைப் பற்றியவை. பண்ணைக்குள் நுழைவதைப் பற்றிய வழியே எனக்கு இவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மீன் வளர்ப்பில் மிகப் பெரிய செலவு தீவனம். அதில் சேரும் மீன் மாவோ பெரும்பாலும் கடலில் பிடித்த சிறு மீனிலிருந்து வருவது. கல்முனை, வாழைச்சேனை போன்ற இடங்களில் மீன் வெட்டுபவரின் காலடியில் இருக்கும் வாளியைப் பாருங்கள்: செவுள், குடல், செதிள், தலை என்று நிறைந்திருக்கும் அது மாலைக்குள் நாறி, குப்பைக்கோ நீர்நிலைக்கோ போகிறது. அதை அரைத்து, நிறையில் 2 முதல் 3 சதவீதம் போமிக் அமிலம் கலந்து பீப்பாவில் மூடி வைத்து அவ்வப்போது கிளறினால், புளிப்பின் அளவைக் காட்டும் பீஎச் 4 க்குக் கீழே இறங்கி (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அழுகல் நின்றுவிடும். மீனின் குடலிலுள்ள நொதியங்களே தசையைக் கரைத்துக் கூழாக்கிவிடும். நம் வெப்பத்தில் இதற்குச் சில நாட்களே போதும். அக்கூழ் மாதக்கணக்கில் கெடாது, மின்சாரமும் வேண்டியதில்லை. அரிசி ஆலைத் தவிட்டோடும் தேங்காய்ப் புண்ணாக்கோடும் பிசைந்து உலர்த்தினால் தீவனத்தில் சேர்க்கலாம். தவிட்டை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். அதிலுள்ள எண்ணெய் விரைவில் கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும்.

இதற்குப் போட்டியாக நிற்பது கறுப்புப் படைவீர ஈயின் புழு வளர்ப்பு. மீன் கழிவையும் சந்தை மரக்கறிக் கழிவையும் தவிட்டோடு கலந்து கொடுத்தால், இரண்டு வாரங்களளவில் புழுக்கள் அறுவடைக்கு வரும். உலர்ந்த புழுவில் புரதம் சுமார் 40 சதவீதம், கொழுப்பு சுமார் 30 சதவீதம். வளர்ந்த ஈ உணவு தேடி நம் சமையலறைக்கு வருவதில்லை. எஞ்சும் எரு தோட்டத்துக்கு ஆகும். ஆயினும் ஈயை இனப்பெருக்கம் செய்விக்கும் வலைக்கூண்டையும் முட்டைகளையும் தினமும் கவனிக்க ஆள் வேண்டும். கொழுப்பு மிகுதியால் தீவனத்தில் மீன் மாவின் ஒரு பகுதிக்கே இது ஈடாகும். ஆக, சிறு பண்ணைக்குப் பீப்பாவே முந்தும். ஊர்ச் சந்தையின் கழிவு முழுவதையும் ஏற்க ஒரு கூட்டுறவு முன்வந்தால் புழு வளர்ப்பு முந்தும். இரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: இறால் தலையைப் பச்சையாக இறாலுக்கும், திலாப்பியாக் குடலைத் திலாப்பியாவுக்கும் ஊட்டக் கூடாது. நோய் அந்த வழியாகவே திரும்பி வரும்.

வாவியோரத்து உவர்நீர்ப் பண்ணைகளின் கணக்கு வேறு. உப்பேறிய நீரை வயலுக்கு விட முடியாது. 1996 இல் வெண்புள்ளி நோய் சிலாபம், புத்தளம் இறால் பண்ணைகளை அழித்தபோது வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம், பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலேயே நீரை எடுத்து அதிலேயே கழிவை விட்டதாகும். போரில் இங்கே நின்றுபோன இறால் வளர்ப்பை மீட்டெடுக்க நினைப்பவர்கள் அந்தத் தவற்றை மட்டக்களப்பு வாவியில் திரும்பச் செய்துவிடக் கூடாது. கழிவு நீரை மட்டியும் கடற்பாசியும் சுத்திகரிக்கும் என்பது பல நாடுகளில் பலித்த முறை. நம் வாவியிலோ மாரியில் உப்பு வெகுவாகக் குறைந்து கோடையில் ஏறுவதால், ஆண்டு முழுவதும் அவற்றை நம்பியிருக்க முடியாது. படியவைக்கும் குளம் ஒன்றும், அதைத் தாண்டி நீர் மெல்லக் கசிந்து செல்லும் கண்டல் காடும் அதைவிட உறுதியானவை. பண்ணைக்கென்று கண்டலை வெட்டிவிட்டு, பின்னர் கழிவுக்கென்று அதையே நட வேண்டிவரும் திட்டத்துக்கு, தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அனுமதியே வழங்கக் கூடாது.

தொடங்க விரும்புவோருக்கு நான் சொல்லும் வரிசை இது: நன்னீர் என்றால் முதலில் பீப்பா, பிறகு வயலுக்கு மேலே குளம், உவர்நீர் என்றால் முதலில் படியவைக்கும் குளமும் கண்டலும், அதன் பின்னரே இறால். தொட்டியும் காற்றூட்டியும், இவற்றிலிருந்து வரும் வருமானம் மின்பிறப்பாக்கியின் விலையைத் தாங்கும் காலத்தில் வரட்டும்.