சம்பளமும் வயலும் உள்ள வீட்டுக்குப் பழைய வரி முறையா, புதிய வரி முறையா?

விவசாயத்துக்கு வரி கிடையாது, சம்பளத்திலும் 12 லட்சம் வரை வரி வராது, அப்புறம் எதற்குக் கணக்கு என்று ஊரில் பலரும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளின் கையில் சேர்ந்தால் கணக்கு வேறு.

2025-26 நிதியாண்டில் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 11,75,000 ரூபாய், வயலில் செலவு போக 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், கழிவுகளும் வரி விகிதமும் குறைவாக உள்ள புதிய முறை. சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 11 லட்சம் நிற்கும். 12 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுப்படி வரியில் தள்ளுபடி உண்டு. ஆனால் வயல் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரியே இல்லாத விலக்கு வரம்புக்கு மேல் போனால், வரியின் அளவைக் கண்டுபிடிக்க இரண்டையும் கூட்ட வேண்டும். 14 லட்சத்துக்கு வரி 90,000. வயலின் 3 லட்சத்தோடு விலக்கு வரம்பான 4 லட்சத்தைச் சேர்த்தால் 7 லட்சம். அதற்கான வரி 15,000. இதைக் கழித்தால் 75,000. தள்ளுபடியோ அதிகபட்சம் 60,000தான். மிச்சம் 15,000, வரியின் மேல் வரும் கூடுதல் வரியான செஸ் 4% சேர்த்து 15,600 ரூபாய். இதே சம்பளம் வாங்கி, வயல் இல்லாதவருக்கு வரியே இல்லை.

இனி பழைய முறை. நிலையான கழிவு 50,000, பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1.5 லட்சம், தனக்கும் 60 வயது தாண்டிய பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என எல்லாவற்றையும் முழுதாகக் கழித்தாலும் 7 லட்சம் நிற்கும். இங்கே விலக்கு வரம்பு 2.5 லட்சம். அதே வழியில் கணக்குப் போட்டால் வரி 93,600. கழிவுகள் இன்னும் 2 லட்சம் கூடி வருமானம் 5 லட்சத்துக்கு இறங்கினாலும் 39,000 வருகிறது. இந்தச் சம்பள அளவில் எனக்குத் தயக்கமே இல்லை, புதிய முறைதான். வரிக்காகவே பாலிசி எடுத்துப் பணத்தை முடக்க வேண்டாம்.

முறையைவிடப் பெரிய வித்தியாசம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதில் வரும். நிலம் அம்மாவுடையதாக இருந்து, அவருக்கு வேறு வருமானமும் இல்லை என்றால், விளைச்சல் பணம் அவருடையது. மகனுக்கு அந்த 15,600-ம் வராது. இதைக் கேட்டுவிட்டுத் தன் நிலத்தை மனைவிக்கு எழுதி வைத்தால் பலிக்காது. தானமாகக் கொடுத்த நிலத்தின் வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும்.

பால் விற்ற பணத்தையும் பலர் விவசாயக் கணக்கில் எழுதுகிறார்கள். மாடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு இரண்டுமே வருமான வரிச் சட்டத்தில் விவசாயம் ஆகாது. எந்த முறையில் போனாலும் அந்த லாபத்தைத் தொழில் வருமானமாகத்தான் காட்ட வேண்டும். தொழில் வருமானம் இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

சம்பளம் போடும் அலுவலகத்துக்கு நம் வயலைப் பற்றித் தெரியாது. அதனால் சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ் பிடிக்காமல் விட்டிருப்பார்கள். சம்பளமும் வயலும் மட்டும் உள்ளவர்கள், வயல் வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடாமல் ஐடிஆர்-2 படிவத்தை எடுத்து, மீதி வரியைக் கட்டிவிட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள்.