குடையும் பிளாஷுமா, ஸ்டுடியோ லைட்டா? நம்ம ஊரு காத்துல எது தாங்கும்

ஒரு பக்கம் சின்ன பிளாஷ் ரெண்டு, அந்த வெளிச்சத்த பரப்பி மென்மையாக்க வெள்ளைக் குடை ரெண்டு. இன்னொரு பக்கம் 300 வாட் செகண்ட் (பிளாஷ் பவர அளக்குற கணக்கு) ஸ்டுடியோ லைட்டு, அதுக்கு முன்னால வெள்ளைத்துணி போட்ட பெட்டி மாதிரி ஒரு சாஃப்ட்பாக்ஸ். நம்ம திருநெல்வேலிப் பக்கம் வெளிய வச்சு ஆள எடுக்குற அவுட்டோர் போர்ட்ரெய்ட்டுக்கு எதை வாங்கலாம்னு ரொம்ப நாள் மண்டைய உடைச்சு கடைசில நான் குடை பக்கம் போயிட்டேன், அதனால இந்த அலசல் தராசு மாதிரி நேரா நிக்கும்னு எதிர்பாக்காதீங்க.

குடை செட்டு விலை கம்மி, பைக்ல கட்டிக்கிட்டு பாபநாசம் போயிரலாம், கரண்ட் வேண்டாம். குறுக்குத்துறை படித்துறைல பிளக் பாயின்ட்டுக்கு எங்க போக. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், விடுங்க.

பவர்னு வந்தா குடை தோத்துரும், அதையும் முதல்லயே சொல்லிருதேன். சின்ன பிளாஷ் எல்லாம் சுமாரா 60, 75 வாட் செகண்ட் தான், அப்போ நாலு பிளாஷ் சேந்தா தான் ஒரு 300 லைட்டுக்கு ஈடு. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200ல உச்சி வெயிலுக்கு லென்ஸ் துவாரம் எஃப்/11 வேணும், நம்ம பிளாஷ் குடைத்துணிய தாண்டி வந்து ஒன்றரை மீட்டர் தூரத்துல ஃபுல் பவர்ல எஃப்/8 கிட்ட தான் நிக்கும், அதாவது வேண்டியதுல பாதி வெளிச்சம். ஷட்டர அதுக்கு மேல வேகமா ஏத்தி ஹை ஸ்பீடு சிங்க்ல (பிளாஷ் ஒரே அடியா இல்லாம படபடன்னு துடிச்சு எரியுற முறை) போட்டா பிளாஷோட பவர் இன்னும் இறங்கிரும். அதனால மணிமுத்தாறு அணை மேல மத்தியானம் 12 மணிக்கு வானத்த நீலமா வச்சு எடுக்கணும்னா ஒத்தக் குடைய வச்சு முடியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க, அரை பவரே தாராளம், பிளாஷ்ல போட்ட பேட்டரி செல்லும் சீக்கிரம் இறங்காது.

சரி, விஷயத்துக்கு வாரேன். நான் குடைய எடுத்ததுக்கு ஒரே காரணம் காத்து.

ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு சொல்லவே வேண்டாம், பணகுடி காவல்கிணறு பக்கம் சும்மாவா அத்தனை காத்தாலை நட்டு வச்சிருக்கான். ஆடில முகூர்த்தம் இல்ல, சரி, ஆனா ஆனிலயும் ஆவணிலயும் வரிசையா கல்யாணம் இருக்கு, அந்த ரெண்டு மாசமும் காத்து ஓஞ்சிருக்கா என்ன. உவரி கடற்கரைல ஸ்டாண்ட விரிச்சு நிறுத்தினா மாப்பிள்ள வேட்டிய பிடிப்பாரா, நீங்க ஸ்டாண்ட பிடிப்பீங்களா. இந்த ஊர்ல வெளிய லைட்டு வச்சு படம் எடுக்கவன் எவனும் என்னைக்காவது ஒரு நாள் ஸ்டாண்டு விழத்தான் பாக்கணும், அதனால கடைல நிக்கும்போது எவ்வளவு வெளிச்சம்னு கேக்குறதுக்கு முன்னாடி விழுந்தா என்ன செலவுன்னு கேக்கணும்.

இதுல ஒரு வேடிக்கை, ரெண்டுல சீக்கிரம் விழுறது குடை தான். எடை இல்லாத பொருளு, விரிச்சா காத்து பிடிக்கும், லேசா ஒரு வீச்சுக்கே சாஞ்சிரும். ஆனா விழுந்தா என்ன போகும்? பெரும்பாலும் குடைக்கம்பி ஒண்ணு ரெண்டு வளையும், நிமித்திக்கிடலாம், இல்லன்னா சில நூறு ரூபாய்க்கு வேற குடை. நிறைய நேரம் விழாமலே உள்பக்கம் வெளிபக்கமா மடங்கிக்கிடும், திருப்பி இழுத்து விட்டா ஷூட் ஓடும். பிளாஷுக்கு வார அடி முக்கியமா அடில இருக்க கால்ல தான், பிளாஷ ஸ்டாண்டுல பிடிக்கிற பிராக்கெட், காலச் சொருகுற ஷூ (சின்ன பள்ளம்) மட்டும் வச்ச சாதா வகையா இருந்தா அந்தக் கால் ஒடிஞ்சிரும். எஸ் டைப் பிராக்கெட்னு ஒண்ணு இருக்கு, அது பிளாஷ கழுத்துப் பக்கமா சுத்திப் பிடிச்சுக்கிடும், கால்ல பாரமே வராது. குடை செட்டுல காச மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே சாமான் அது தான். அப்படியும் பிளாஷே செத்துட்டுன்னு வைங்க, பவர கையால வைக்கிற சாதா மேனுவல் பிளாஷ் தானே, மனசு கஷ்டமா இருக்கும், தொழில் நிக்காது. பைல இன்னொண்ணு கெடக்கும், அன்னைக்கு ஷூட்ட ஒத்த லைட்ல முடிச்சிரலாம்.

ஸ்டுடியோ லைட்டு அப்படி இல்ல. தலை எடை எல்லாம் ஸ்டாண்டு உச்சில, அதுக்கு முன்னால பாய் கட்டின மாதிரி சாஃப்ட்பாக்ஸ். சீக்கிரம் சாயாது, ஆனா சாஞ்சா முகம் குப்புற தான். வெளிச்சம் எங்க விழும்னு காட்ட எரியுற மாடலிங் பல்பு, பளிச்சுன்னு அடிக்கிற பிளாஷ் ட்யூப், ரெண்டும் கண்ணாடி. ட்யூப் மாத்தணும்னா உங்க மாடலுக்கு சரியான ட்யூப் கெடைக்கணும், தெரிஞ்ச மெக்கானிக் வேணும், அது வார வரைக்கும் லைட்டு மூலைல கெடக்கும். வீட்டுல ஸ்க்ரூ டிரைவர வச்சு நோண்டாதீங்க, உள்ள கரண்ட சேத்து வச்சிருக்க கெபாசிட்டர்ல சுவிட்ச் ஆஃப் பண்ணினாலும் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ஆளையே தூக்கிரும். சின்ன பிளாஷுக்கும் இதே எச்சரிக்கை தான்.

எதை வாங்கினாலும் ஸ்டாண்டுக்கு பாரம் கட்டுங்க. ஆத்து மணல் விக்கிற விலைக்கு மணல் மூட்டைக்கு பதிலா அஞ்சு லிட்டர் தண்ணி கேன் போதும், நடுத்தண்டுல தொங்க விட்டா கேன் தரையத் தொடணும், அந்தரத்துல ஆடினா அதுவே ஸ்டாண்ட இழுக்கும். மூணு காலுல ஒரு காலு லைட்டு சாயுற பக்கம் பாத்து இருக்கட்டும்.

வீட்டுக்குள்ள கதை வேற. சடங்கு வீட்டுல பச்சை டிஸ்டெம்பர் அடிச்ச சின்ன ரூம்ல வெள்ளைக் குடைய விரிச்சா வெளிச்சம் நாலா பக்கமும் தெறிச்சு, சுவத்துல பட்டு, பிள்ள மூஞ்சில பச்சையா திரும்பி வரும். அங்க சாஃப்ட்பாக்ஸ் தான் ஒழுங்கு, குடை தான் இருக்குன்னா வெளிப்பக்கம் கருப்புத்துணி போட்ட குடைய வாங்கி, வெளிச்சத்த உள்பக்கம் அடிச்சு திருப்பி விடுங்க. சாஃப்ட்பாக்ஸ் அளவுக்கு கட்டுக்குள்ள நிக்காது, ஆனா பின்னால தெறிக்காது. எல்ஈடி பத்தி கேக்காதீங்க, வீடியோவுக்கு சரி, வெயில்ல அது எரியுதான்னு கிட்ட போய் பாக்கணும்.

பேட்டரில ஓடுற 200 வாட் செகண்ட் லைட்டுகள் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, சைஸும் சின்னது. வாடகைக்கு எடுத்து வேலை பாத்ததுல எனக்கு பிடிச்சிருந்தது, ஆனா வருஷக்கணக்கா வச்சு அடிச்ச அனுபவம் எனக்கு இல்ல, அதனால பேட்டரி எவ்வளவு நாள் உழைக்கும்னு என் வாயால சொல்ல மாட்டேன். மத்தியான வெயில் ஷூட்டு எப்பவாவது வந்தா இப்பவும் அத வாடகைக்கு தான் எடுக்கேன். நீங்களும் எடுத்தா, விழுந்தா யாரு பொறுப்புன்னு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே கடைக்கார அண்ணாச்சிட்ட பேசிக்கிடுங்க.