திட எரிபொருள் எரிவதைக் கணினியில் கணக்கிட எந்த வழி?

கோவை, பெருந்துறை, சத்தியமங்கலம் பக்கம் கடைசி வருடம் படிக்கிற தம்பி தங்கைகள் ராக்கெட் மோட்டாரை புராஜெக்ட்டாக எடுத்தால், முதலில் வருவது இந்தக் கேள்விதான்: முழு மோட்டாரையும் எளிய சமன்பாட்டில் அடக்குவதா, எரியும் பரப்பைத் துகள் துகளாகக் கணக்கிடுவதா?

முதல் வழி பழையது. எரிவேகம் அழுத்தத்தின் ஒரு அடுக்காக உயரும் என்ற வீயேல் விதி 1893-லேயே வந்துவிட்டது. பரப்பு தரும் வாயுவையும் நாசில் கழுத்து வெளியேற்றும் வாயுவையும் சமப்படுத்தினால் அறை அழுத்தம் கிடைக்கும். லேப்டாப்பே போதும். ஆனால் அந்த அடுக்கெண்ணை லேசாக எடுக்கக் கூடாது. அது 0.35 என்றால், எரியும் பரப்பு 10 சதவீதம் கூடும்போது அழுத்தம் சுமார் 16 சதவீதம் ஏறும், 0.7 என்றால் 37 சதவீதம்! எரிபொருளில் விழுந்து எரியும் பரப்பைக் கூட்டிவிடும் ஒரு விரிசலுக்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். பிஎஸ்எல்வி முதல் கட்டம் போல 20 மீட்டர் நீளமென்றால், எரிபொருளின் நடுவே ஓடும் துளை நெடுக அழுத்தம் மாறுவதை ஒருபரிமாணக் கணக்காகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, விதி எங்கிருந்து வருகிறது என்று காட்டும். எள்ளுருண்டையில் எள் போல, எரிபொருளாகவும் பிணைப்பாகவும் இருக்கும் எச்டிபிபி ரப்பருக்குள், எரிய ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் துகள்கள் நெருங்கிக் கிடக்கின்றன. பெரியவை 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சிறியவை சில பத்து மைக்ரான். துகளின் மேல் தனிச்சுடர், ரப்பர் ஆவியோடு கலக்கும் ஓரத்தில் இன்னொன்று, சற்று உயரே கலந்து எரியும் கடைசிச் சுடர். பெக்ஸ்டெட், டெர், பிரைஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1970-ல் தந்த படம் இது. அழுத்தம் கூடினால் சுடர் பரப்பை நெருங்கும், வேகம் ஏறும். அழகான இயற்பியல்! ஆனால் ஒரே ஒரு கன மில்லிமீட்டரை 5 மைக்ரான் கட்டங்களாக வெட்டினாலே 80 லட்சம் கட்டங்கள். எரிபொருளில் கலந்திருக்கும் அலுமினியத் தூள் பரப்பில் உருகித் திரண்டு, மேலே போய் எரிவதையும் சேர்த்தால் சிக்கல் இன்னும் கூடும்.

மூன்றாவதாக, சிஎஃப்டி என்ற, வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளில் சுவரில் வாயு வரத்தைக் கொடுத்து வண்ணப்படம் எடுப்பவர்கள் உண்டு. நாசில் ஓட்டத்துக்கு அது நல்லது. எரிவேகம் மட்டும் நாம் உள்ளே போட்டதுதான் வெளியே வரும். அதை எரிதல் சிமுலேஷன் என்று சொல்லக் கூடாது.

கல்லூரிக் குழுவுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். எரிபொருளைத் தயாரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் அறவே வேண்டாம். எரிவேக எண்களை வெளியான ஆய்வுகளிலிருந்து எடுங்கள். கையால் சரிபார்க்க முடிகிற உருளைத் துளையில் தொடங்கி, பிறகு நட்சத்திரத் துளைக்குப் போங்கள். வார்ப்பாலைகளில் உறைதல் சிமுலேஷன் செய்தவர்கள் நம் ஊரில் நிறைய. உலோகம் உறையும் முகப்பைப் போலவே எரியும் பரப்பும் நகரும்; அதைப் பின்தொடர்வதை அவர்களிடம் கேளுங்கள். நேரம் மிஞ்சினால், இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே ஒரே ஒரு பெர்குளோரேட் அடுக்கை வைத்து இருபரிமாணத்தில் சுடரைப் பாருங்கள். அது லேப்டாப்பிலேயே ஓடும்.