ஐ.நா. செயலகம்: நிரந்தரப் பணியா, அயல்பணியா?

ஐ.நா.வின் அன்றாட நிர்வாகத்தை நடத்துவது அதன் செயலகம். அங்கே நிரந்தரப் பணியாளர் இருப்பதா, அல்லது சொந்த அரசு சில ஆண்டுகளுக்கு மட்டும் இரவலாக அனுப்பும் அயல்பணியாளர் இருப்பதா என்பதே கேள்வி. செயலக ஊழியர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 100-ஆவது பிரிவு. 101-ஆவது பிரிவோ, திறமையும் நேர்மையுமே முதன்மை, ஆனால் பல பகுதிகளிலிருந்தும் ஆளெடுக்க வேண்டும் என்கிறது.

நிரந்தரப் பணியாளருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் ஐ.நா.வின் கையில். சொந்த நாட்டுத் தூதரகம் முகம் சுளித்தாலும் வேலை போகாது. சிக்கல் வேறு: முன்னால் வந்தவர் முப்பது ஆண்டு நாற்காலியில் இருந்தால், பின்னால் சேர்ந்த நாட்டுக்கு இடம் எப்போது காலியாகும்? அதற்காகத்தான் நாடுவாரி இட வரம்பு. ஒரு நாட்டுக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது உறுப்பு நாடாக இருப்பதற்கு 40 விழுக்காடு எடை, ஐ.நா.வுக்குக் கட்டும் சந்தாவுக்கு 55, மக்கள்தொகைக்கு வெறும் 5. பணம் கட்டுபவர் கைதான் ஓங்கியிருக்கிறது.

அயல்பணியில் ஆட்கள் சீக்கிரம் மாறுவார்கள், புது நாடுகளுக்கும் வாய்ப்பு வரும். ஆனால் தவணை முடிந்ததும் போய் நிற்க வேண்டியது சொந்த அமைச்சகத்தின் வாசலில். அந்த நினைப்போடு எழுதும் குறிப்பில் பேனா தயங்கும். சோவியத் அரசு அனுப்பிய ஊழியர் ஒருவர் 1983-இல் அமெரிக்காவில் தஞ்சம் கோரினார். அவரது பணி நீட்டிக்கப்படவில்லை; அயல்பணி என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயமும் அவருக்கு உதவவில்லை, 1987-இல் சர்வதேச நீதிமன்றமும் அத்தீர்ப்பில் பிழை காணவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவை இரண்டையும் கலக்கிறது: உயர்நிலை அதிகாரிகளில் குறைந்தது 60 விழுக்காடு நிரந்தரமானவர்கள், மூன்றில் ஒரு பங்காவது உறுப்பு நாடுகளின் தூதரக அதிகாரிகள். அப்படி வரும் அதிகாரிகளுக்கும் சம்பளம் ஒன்றியமே தருகிறது. சுதந்திரத்துக்கு, சதவீதக் கணக்கைவிட அதுவே பெரிய காப்பு.