கார்பன் பிடிப்புச் சோதனைப் பெட்டி: வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தபின்

காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும் நுட்பத்தை மாணவர்களுக்குச் செய்து காட்ட வந்திருக்கும் பெட்டி இது. என் ஒன்பதாம் வகுப்பில் பயன்படுத்தினேன். வாங்கலாம். ஆனால் கதையின் பாதிதான் பெட்டிக்குள் இருக்கிறது.

அந்தப் பாதி அருமை. சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து வாயுவை உண்டாக்கி, அமிலம் பட்டால் நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் கலந்த நீருக்குள் குமிழியாக விட்டால் நீலம் மஞ்சளாகிறது. நடுவே, இந்த வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்புக் குருணை நிரப்பிய உருளையை மாட்டினால் நீலம் அப்படியே நிற்கிறது. உருளையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். எடை போட்டால் கூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கு எடை உண்டு என்பதைப் பிள்ளைகள் தராசில் பார்த்து நம்பியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "இந்தக் குருணையைத் திரும்பப் பயன்படுத்தலாமா சார்?" இதற்குக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கார்பன் பிடிப்பின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆலைகளில் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் வாயுவை உறிஞ்சியபின், அதைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கித்தான் வாயுவைப் பிரித்தெடுக்கிறார்கள். செலவில் பெரும்பங்கு அந்த வெப்பத்துக்கே போகிறது. குருணையில் உள்ள சுண்ணாம்பும் சும்மா வரவில்லை. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி அளவில் சுடும்போது வெளியேறுவதும் இதே கார்பன் டை ஆக்சைடுதான். அன்றைக்கு விட்டதைத்தான் குருணை இன்று திரும்ப உறிஞ்சுகிறது. இதைக் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிக் காட்டினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அளவு பற்றிய பகுதியும் மெலிவு. காற்றிலிருந்து நேரடியாக இந்த வாயுவைப் பிடிக்க ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் படம் பளபளவென்று இருக்கிறது. அதன் திட்டமிட்ட திறன் ஆண்டுக்கு 4,000 டன் என்ற எண் கையேட்டில் இல்லை. உலகம் புதைபடிவ எரிபொருளால் ஆண்டுக்கு வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓர்காக்கள் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பாடத்தை முடித்தால், எவ்வளவு எரித்தாலும் ஓர் இயந்திரம் வந்து துடைத்துவிடும் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும். அது எனக்குக் கவலை தருகிறது. இன்னொன்று, சோதனையில் ஓடுவது கிட்டத்தட்டத் தூய வாயு. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்தான், நிலக்கரிப் புகைபோக்கியில் 10 முதல் 15 சதவீதம். மீன்தொட்டிப் பம்பால் வெறும் காற்றையும் அதே நீரில் ஓடவிட்டுக் காட்டுங்கள். நிறம் மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே வித்தியாசம் புரியும்.

பிடித்த வாயுவை நிலத்தடியில் சேமிப்பதைக் காட்டும் மாதிரி நன்று. மணல் அடுக்கில் ஏறும் சாய எண்ணெய், மேலே உள்ள களிமண் அடுக்கில் தடைபட்டு நிற்கிறது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடி மணற்கல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துவதை இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

பாதுகாப்புக் கண்ணாடி பெட்டியில் இல்லை. சோடா சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும். கண்ணாடியும் கையுறையும் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.