பலவீனமான அலைக்கு எந்த டயோடு: ஜெர்மேனியமா, ஷாட்கியா?

பேட்டரி இல்லாமல் வானலையின் சக்தியிலேயே ஓடும் கிரிஸ்டல் ரேடியோ கட்ட, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டயோடைத் தேடுகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை வோல்ட்டில் திறக்கும்?" என்றுதான். ஜெர்மேனியத்துக்கு 0.2 அல்லது 0.3, சிலிக்கனுக்கு 0.6. சரி, ஜெர்மேனியமே நல்லது என்று அதோடு கணக்கை முடித்துவிடுவார்கள். உள்ளூர் நிலையத்துக்கு அது போதும். தூரத்து நிலையத்தின் சில மில்லிவோல்ட் அலைக்கு எந்த டயோடும் முழுதாகத் திறப்பதில்லை. சைபர் வோல்ட்டை ஒட்டிய வளைவுதான் அங்கே வேலை பார்க்கிறது. உள்ளே வரும் அலை பாதியானால் வெளியீடு கால்வாசியாகிவிடும்.

அதனால் பார்க்க வேண்டியது சைபர் வோல்ட்டில் டயோடின் மின்தடை. 26 மில்லிவோல்ட்டைத் தெவிட்டு மின்னோட்டத்தால் (டயோடில் தலைகீழாகக் கசியும் சிறு மின்னோட்டம்) வகுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். 1என்34ஏ ஜெர்மேனியத்தில் 1 மைக்ரோஆம்பியர் என்று வைத்தால் 26 கிலோஓம். ஆனால் ஒரே எண் போட்ட இரண்டு ஜெர்மேனியம் டயோடுகள் ஒன்றுபோல இருக்காது. உலோகமும் குறைக்கடத்தியும் தொடும் சந்தி கொண்ட ஷாட்கி வகையில் எச்எஸ்எம்எஸ்-2860 சுமார் 560 கிலோஓம், 2820 ஒரு மெகாஓமுக்கு மேல், 2850 வெறும் 9 கிலோஓம். 1என்4148 சிலிக்கனை முன்மின்னழுத்தம் (வெளியிலிருந்து சிறு வோல்ட்) தராமல் போட்டால் பல மெகாஓம், அதை விட்டுவிடலாம்.

இனி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் சுருளைப் பாருங்கள். அதன் மின்தடையும் டயோடின் மின்தடையும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். 200 மைக்ரோஹென்றி சுருள், கியூ மதிப்பு (கூடக் கூட சுருளில் இழப்பு குறைவு) 100 என்றால், 1 மெகாஹெர்ட்ஸில் அதன் இணைமின்தடை, அதாவது ஒத்திசைவில் அது அலைக்குக் காட்டும் மின்தடை, சுமார் 125 கிலோஓம். அதன் மேல்முனையில் 26 கிலோஓம் ஜெர்மேனியத்தை மாட்டினால் சுருள் சோர்ந்துவிடும், பக்கத்து நிலையமும் சேர்ந்து கேட்கும். சுற்றுகளின் நடுவில் ஒரு டேப் (கிளை இணைப்பு) எடுத்து அங்கே இணைத்தால் மின்தடை கால்வாசியாகி, 31 கிலோஓம் ஆகும். ஜெர்மேனியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! பல மெல்லிய எனாமல் இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியில் கியூ 500 கிடைக்கும்படி சுற்றியிருந்தால் கதை மாறும்: இணைமின்தடை 600 கிலோஓமைத் தாண்டும், டேப் இல்லாமலே 2860 நேராகப் பொருந்தும். 2820 தான் கையில் இருக்கிறதா? இரண்டை இணையாகப் போடுங்கள், மின்தடை பாதியாகும். 2850 இந்த வேலைக்கு ஒத்துவராது.

சாதாரண எனாமல் கம்பிச் சுருளும் கிரிஸ்டல் இயர்போனும் வைத்திருப்பவருக்கு ஜெர்மேனியமும் டேப்பும்தான் என் தேர்வு. வெயில் காலத்தில் மட்டும் கவனம்: வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஜெர்மேனியத்தின் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும், டயோடின் மின்தடை பாதியாகும்.

1என்34ஏ என்று சொல்லி ஷாட்கியைத் தலையில் கட்டுவது இப்போது சகஜம். மல்டிமீட்டரின் டயோடு முறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும், அதை நம்பக் கூடாது. கண்ணாடி உடலை லென்ஸில் பாருங்கள். உள்ளே வளைந்த மெல்லிய கம்பி ஒன்று குறைக்கடத்தித் துண்டின் மேல் ஊன்றியிருந்தால் அது புள்ளித்தொடர்பு வகை. அப்புறம் கிளிப் போட்டு, விரல் படாமல், மின்னோட்டம் எளிதில் போகாத தலைகீழ்த் திசையில் மின்தடை அளந்து பாருங்கள். பற்றவைப்புக் கோலை அருகில் காட்டியதும் எண் சரசரவென்று இறங்கினால் பெரும்பாலும் ஜெர்மேனியம்தான். அதைப் பற்றவைக்கும்போது காலில் ஒரு முதலைக் கிளிப்பை மாட்டிவிடுங்கள், சூடு உள்ளே ஏறாது.